பெரட்டு வரைக்கும்

ஹட்டன்
18.11.2024

ரத்னாவுக்கு,

தீபாவளியன்று நீ போனை வைத்த விதத்துக்குப் பிறகு உன்னைப் போனில் அழைப்பதில்லை என்று முடிவு செய்தேன். நீயும் அதே முடிவில் இருக்கிறாய் என்று தெரிகிறது. ஆகவே கடிதம். பொகவந்தலாவை பஸ் கண்டக்டர் நிரோஷனிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலை விட அவன் வேகம். வாயும் நீளம் என்பதால் உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

விஷயம் சிறியது. நம் கடை இலைக்கறியின் செய்முறை வேண்டும்.

நீ சிரிப்பாய். அம்மா இத்தனை வருடம் பின்கட்டில் நின்று செய்த கறி முதலாளிக்குத் தெரியாதா என்பாய். அப்பா கல்லாவில் இருந்தார். அவருக்குப் பிறகு நான் இருக்கிறேன். கல்லாவிலிருந்து பார்த்தால் இலையில் கறி வந்து விழுவதுதான் தெரியும். அம்மா உன்னிடம் வந்த பிறகு நான்கு சமையல்காரர்கள் மாறிவிட்டார்கள். இப்போது இருப்பவன் பிரதாப். கொழும்பில் பெரிய ஹோட்டலில் இருந்தவன். கரட்டில் ரோஜாப்பூ வெட்டுவான். இலைக்கறி வராது. ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற விஜேசிறி மாத்தயா தினமும் மத்தியானம் வருவாரே, போன வாரம் ஒரு வாய் எடுத்து வைத்தார். "அம்மாகே ரச நே" என்று தன் சிங்களத்தில் சொன்னார். அம்மாவின் ருசி இல்லையாம். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனவர் இன்னும் வரவில்லை.

வாசலில் என் மகள் ஹம்சினி எழுதிக்கொடுத்த பலகை தொங்குகிறது: "திருச்சி வணிகக் குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கைப்பக்குவம். வீட்டு இலைக்கறி. அன்றன்றே சமைத்தது." இப்போதைக்குப் பலகைதான் ருசியாக இருக்கிறது.

அவசரத்துக்குக் காரணம் சம்பந்தி. ஹம்சினியின் மாமனார் முத்துலிங்கத்துக்குத் தை மாதத்தில் அறுபதாம் கல்யாணம். நுவரெலியாவில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிற மனிதர், கூட்டத்துக்குக் குறைவிருக்காது. சாப்பாடு நம் கடை. எதை வேண்டுமானாலும் போடுங்கள், அந்த இலைக்கறி மட்டும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நிச்சயதார்த்தத்தில் ஒரு தடவை சாப்பிட்டதுதான்.

அந்த நிச்சயதார்த்தத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சுடுகிறது. சபை நிறைந்திருக்கிறது; மாப்பிள்ளையின் அப்பா தாம்பாளத்தோடு நிற்கிறார்; அம்மா எழுந்து போய் "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்கிறார். தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியிருக்கிற ஆட்கள் முன்பின் தெரியாதவரைப் பார்த்தால் கேட்கிற கேள்வி. ஒரு மொத்த வியாபாரியிடம்! அவர் முகம் போன போக்கை நான்தான் பார்த்தேன். கல்யாணம் நடந்ததே பெரிய விஷயம். அதற்குப் பிறகு அவராக வாயைத் திறந்து என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். இதில் நான் தவறக்கூடாது.

அம்மாவிடம் கேட்டு விவரமாக எழுதி அனுப்பு.

அண்ணன்
கோகுலராஜ்


பொகவந்தலாவை
23.11.2024

அண்ணனுக்கு,

உறை நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. நிரோஷன் அதைக் கையில் கொடுக்கும்போதே, "டீச்சர், ஏதோ கறி விஷயமாம்ல?" என்றான்.

உங்கள் கடிதத்தில் அம்மா பல இடத்தில் வருகிறார். அம்மா எப்படி இருக்கிறார் என்ற கேள்விதான் வரவில்லை. கேட்டதாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். முழங்கால் முன்பை விட மோசம். படி இறங்க என் தோள் வேண்டும். மற்றபடி பசி இருக்கிறது, வாய் இருக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் "ஒரு வாரம் ஒன் வீட்டுல இருக்கட்டும்" என்று கொண்டுவந்து விட்டீர்கள். அந்த வாரம் இரண்டு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

தீபாவளியன்று போனில் சொன்னதை எழுத்திலும் சொல்லிவிடுகிறேன். என் மகள் சுலக்ஷனாவுக்குப் பெப்ரவரியில் பிரசவம். என்னை விட்டால் அவளுக்கு யாருமில்லை. பொங்கல் முடிந்ததும் நான் கொழும்புக்குப் போயாக வேண்டும். சில மாதங்கள் திரும்ப முடியாது. அவர்கள் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள். லிஃப்ட் இல்லை. அம்மாவை அங்கே தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆகவே அம்மாவை நீங்கள் அழைத்துப்போக வேண்டும் என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றீர்கள். நான் போனை வைத்தேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். முடிந்ததும், "அவன் கறிய கேக்குறானா, என்னய கேக்குறானா?" என்றார்.

"கறியத்தாம்மா."

"சரி, எழுதிக்க."

எழுதிக்கொண்டது இது. லீக்ஸ் ஒரு கட்டு, முட்டைக்கோவாவின் மேலிலை அதே அளவு, இரண்டையும் கைவிரல் நீளத்துக்கு அரிய வேண்டும். பொடி உருளைக்கிழங்கைத் தோலோடு தட்டிப் போடவேண்டும். காய்ந்த மிளகாய், பூண்டு, மல்லி, கொஞ்சம் அரிசி வறுத்து இடிக்க வேண்டும். தேங்காயையும் சிவக்க வறுத்துச் சேர்க்க வேண்டும். தாளித்து, இலையைப் போட்டு, புளியை ஊற்றி, ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். பிரட்டும் வரைக்கும் மூடியே இருக்கட்டும், தொடக்கூடாது.

அம்மா பேசுவதை அப்படியே எழுதினால் ரோஜாப்பூ வெட்டுகிறவருக்கு விளங்காது. முப்பது வருடம் கட்டுரை திருத்திய கை சும்மா இருக்கவில்லை. "எல" என்றதை இலை ஆக்கினேன். "பெரட்டு வரைக்கும்" என்றதைப் "பிரட்டும் வரைக்கும்" ஆக்கினேன். பொருள் மாறவில்லை.

ஒரு விஷயம் கவனித்தீர்களா தெரியாது. அப்பா இருந்தவரை தோட்டத்து வார்த்தை ஒன்றுகூட அம்மா வாயிலிருந்து வந்ததில்லை. இங்கே வந்த பிறகு ஒவ்வொன்றாக வருகின்றன. நேற்று நான் கடையில் புளி வாங்க மறந்து வந்தேன். "ஒனக்கு இன்னைக்கு அரைப்பேர்தான்" என்றார். முழு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதியில் போனால் அரைப்பேர். தோட்டத்துச் சம்பளக் கணக்கு அப்படித்தான். இந்த வீட்டில் நான் முழுப்பேர் வாங்கிய நாள் எதுவும் ஞாபகத்தில் இல்லை.

கறி கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். நான் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.

ரத்னா


ஹட்டன்
2.12.2024

ரத்னாவுக்கு,

நீ எழுதியபடி செய்தோம். சூப் மாதிரி வந்தது. பிரதாப் அதற்கு மேல் கிரீம் ஊற்றலாமா என்று கேட்டான்.

இலை இலை என்று எழுதியிருக்கிறாய். லீக்ஸில் இலை எங்கே இருக்கிறது? சந்தையில் தழையை வெட்டிப் போட்டுவிட்டு வெள்ளைத் தண்டைத்தான் கட்டுகிறார்கள். அதைத்தான் நாம் வாங்குகிறோம், அதைத்தான் அரிந்தோம். கோவாவிலும் மேலிலையை உரித்துப் போட்டுவிட்டுத்தான் கடைக்கு வருகிறது. நாங்கள் உள்குருத்தைப் போட்டோம். விலை கொடுத்து வாங்கிய நல்ல பகுதி. அம்மா காலத்தில் சந்தையிலிருந்து ஒருவன் பின்வாசலில் தழையை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுப் போவது ஞாபகம் இருக்கிறது. ஆட்டுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தழையா?

அம்மா விஷயத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா இருந்த மாடி அறையில் இப்போது அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறது. உன் அண்ணிக்கும் தலைசுற்றல். சம்பந்தி வீட்டு விசேஷம் முடியட்டும் என்று பார்க்கிறேன். அம்மா இங்கே வந்து, அவர்கள் இங்கே வந்து, மறுபடியும் ஏதாவது கேட்டுவைத்தால் நான் எங்கே போவேன்?

அண்ணன்


பொகவந்தலாவை
8.12.2024

அண்ணனுக்கு,

நம் வீட்டில் என்றைக்கு ஆடு இருந்தது?

அந்தத் தழைதான். கடிதத்தை வாசித்ததும் அம்மா சிரித்தார். "வெள்ளய லொறி கொண்டு போயிரும்டி. தழைதான நமக்கு?" என்றார். லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம் போட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான். விற்கிற பகுதி லொறியில் ஏறும். விற்காத பகுதி சட்டியில் ஏறும். உங்கள் நான்கு தலைமுறைக் கைப்பக்குவம் லொறிக்காரர் வேண்டாமென்று விட்டுப் போனதிலிருந்து வந்தது. இதைப் பலகையில் எழுதும்படி நான் வற்புறுத்தவில்லை.

பலகையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. அம்மா திருச்சியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். மஸ்கெலியாவில் லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்தவரை அப்பா பிடித்துப்போய்க் கல்யாணம் கட்டிக் கூட்டிவந்தார். ஊரில் பெண் எடுத்தோம் என்று தாத்தா பஜார் முழுக்கச் சொல்லிவைத்தார். அன்றையிலிருந்து அம்மா திருச்சிக்காரி. நமக்கு இது தெரியும். தெரியும் என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான். இப்போது எழுதியாகிவிட்டது. நிரோஷனுக்கும் தெரிந்திருக்கும்.

மாடி அறையில் அரிசி மூட்டை இருப்பதை அம்மாவிடம் சொன்னேன். "மூட்டைக்கு மூட்டு வலிக்காதுல்ல" என்றார். சாயங்காலம் தன் சேலைகளை எடுத்து மடித்துவைத்துக்கொண்டிருந்தார். எங்கே போக என்று நான் கேட்கவில்லை.

தழையை வாங்கிச் செய்யுங்கள். பொங்கலுக்கு அதிக நாள் இல்லை.

ரத்னா


ஹட்டன்
20.12.2024

ரத்னாவுக்கு,

தழை வாங்கினேன். சந்தையில் சும்மா கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு என் பின்னால் ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

எழுத்துக்கு எழுத்து நீ சொன்னபடி செய்தோம். மூடி வைத்தோம். பிறகு திறந்து பிரட்டினோம். கூழ். மறுநாள் கொஞ்ச நேரம் கூட மூடி வைத்துப் பிரட்டினோம். அதுவும் கூழ். மெல்லப் பிரட்டினோம், தூக்கிப் பிரட்டினோம், சட்டியையே ஆட்டிப் பிரட்டினோம். அம்மா செய்தால் இலை இலையாக, புளி உள்ளே ஏறி, வாயில் வைத்தால் நிற்கும். இது வழிகிறது. விஜேசிறி மாத்தயாவை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டு வந்து கொடுத்தேன். பாவம், முழுங்கினார். ஒன்றும் சொல்லவில்லை. முன்பு சொன்னதே தேவலை.

ரத்னா, நான் சுற்றி வளைக்கவில்லை. நீ ஏதோ ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறாய். வேண்டுமென்றே. கறியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவை என் தலையில் கட்டப் பார்க்கிறாய். கறி வேண்டுமென்றால் அம்மாவையும் எடு என்பதுதானே? பஜாரில் இதற்கு ஒரு பேர் இருக்கிறது. நல்ல அரிசியோடு ஓடாத சாமானையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள்.

எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

கோகுலராஜ்


பொகவந்தலாவை
29.12.2024

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். கடைசிப் பகுதியைத் தாண்டினேன். எனக்கு நன்றாகத் தாண்ட வராது போலிருக்கிறது. "அங்க என்ன எழுதியிருக்கான்?" என்றார்.

"எழுத்து வெளங்கலம்மா."

"ஒனக்கா?"

முப்பது வருடம் பிள்ளைகளின் கையெழுத்தை வாசித்துச் சம்பளம் வாங்கியவள் சொல்கிற பொய்யா அது.

நான் எதையும் மறைக்கவில்லை. அதை எனக்கே நிரூபித்துக்கொள்ள நானும் அடுப்பு மூட்டி, எழுதியபடி செய்தேன். எனக்கும் கூழ்தான். அதைக் கிளறிக்கொண்டு நிற்கும்போது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடி பண்ற?"

"பெரட்டுறேம்மா."

"எதுக்கு?"

"நீங்கதான சொன்னீங்க?"

"நானா? எலக்கறிய யாராச்சும் பெரட்டுவாங்களா? கொழஞ்சு போயிரும்ல!"

"பெரட்டு வரைக்கும் மூடி வையின்னு நீங்கதாம்மா சொன்னீங்க. எழுதி வச்சிருக்கேன்."

அண்ணா, அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடி கூறு கெட்டவளே! அந்தப் பெரட்டு இல்லடி! காலையில தப்பு அடிப்பாங்கள்ல, பெரட்டு! கண்டாக்கு நின்னு பேர் கூப்புடுற பெரட்டு!"

எனக்குத் தெரியாத வார்த்தையா? இந்த ஊரில் குடியிருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் தினமும் பெரட்டுக்குப் போகிறார்கள். விடிகாலையில் தப்பு மேளம் கேட்டதும் தொழிலாளர் எல்லோரும் வந்து நிற்க, மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு பேர் கூப்பிட்டு, இன்னின்ன மலைக்கு என்று வேலை பிரித்துக்கொடுக்கிற இடம். அது வேறு பெரட்டு, சமையல் வேறு பெரட்டு என்று என் மண்டை பிரித்து வைத்திருந்தது. அம்மா சொன்னது சரியாகத்தான் இருந்தது. நான் அதற்கு ஒரு "ம்" போட்டுத் திருத்திவிட்டேன். பெயர்ச்சொல்லை வினைச்சொல் ஆக்கியதற்கு ஒரு பிள்ளைக்கு எத்தனை மதிப்பெண் குறைப்பேன் என்று யோசித்துக்கொண்டே சட்டியைக் கழுவினேன்.

ஆகவே செய்முறை இது. சாயங்காலம் மலையிலிருந்து வந்து கறியை வைப்பார்கள். அடுப்பை அணைத்து, தணல் சூட்டிலேயே மூடி விட்டுவிடுவார்கள். ராத்திரி முழுக்க ஒருவரும் தொடுவதில்லை. காலையில் பெரட்டுத் தப்பு கேட்கும்போதுதான் மூடியைத் திறந்து, ரொட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போவார்கள். அதற்குள் இலை புளியைக் குடித்துவிட்டு விறைத்து நிற்கும். அந்தக் குளிரில் கெடாது.

இனி நீங்கள் உட்கார்ந்துகொண்டு வாசிப்பது நல்லது. கடையிலும் அம்மா அப்படித்தான் செய்திருக்கிறார். முதல் நாள் சாயங்காலம் செய்து மூடிவைத்து, மறுநாள் மத்தியானம் இலையில். "நேத்துக் கறின்னு வெளிய சொல்லாத, கடைய மூடிருவாங்கன்னு ஒங்க அப்பா கும்புட்டாரு" என்றார். அப்பா வாசலில் நின்று அன்றன்றே சமைத்தது என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தனை வருடமும் ஹட்டன் பஜார் நேற்றைய கறியைச் சாப்பிட்டு, அம்மாவின் கை மாதிரி வராது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஒன்றரை மாதமாக நீங்களும் நானும் அம்மாவின் கறியைப் பற்றிக் கடிதம் எழுதுகிறோம். அம்மா பக்கத்து அறையில் இருக்கிறார். அது எந்தப் பெரட்டு என்று இருவரும் அவரிடம் கேட்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அம்மாவின் பழைய நாளைப் பற்றிக் கேட்க வாய் வராது.

எழுதிக் கேட்க இனி என்னிடம் ஒன்றுமில்லை. கறி முழுவதும் உங்களிடம் இருக்கிறது. அம்மாவை அதோடு சேர்த்துக் கட்டவில்லை. தனியாக, வெறும் கையோடு, பொங்கலுக்குப் பிறகு இங்கே இருப்பார். வருவீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

ரத்னா


ஹட்டன்
6.1.2025

ரத்னாவுக்கு,

உன் கடிதத்தைக் கல்லாவில் வைத்து வாசித்தேன். வாசித்துவிட்டு மிச்சச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே செய்து மூடி, மூடியின் மேல் அம்மிக்குழவியை வைத்து, பிரதாப்பை அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மத்தியானம் திறந்தோம். பாதி வந்துவிட்டது. மீதிப் பாதி வரவில்லை. எது குறைகிறது என்று எனக்குத் தெரியாது. விஜேசிறி மாத்தயா சாப்பிட்டுவிட்டு, "அம்மா எனவத?" என்று கேட்டார். அம்மா வருகிறாரா என்று. நான் ஆமென்று தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

இப்போது என் நிலைமையைப் பார். ஒரு மனிதனின் அறுபதாம் கல்யாணத்தில் நான் நேற்றைய கறியைப் பரிமாற வேண்டும். வெளியே தெரிந்தால் கடை போகும், சம்பந்தம் போகும். பரிமாறாவிட்டால் அவர் கேட்ட ஒன்றே ஒன்றைச் செய்யாதவன் ஆவேன்.

அரிசி மூட்டைகளைக் கீழே இறக்கியாயிற்று. உன் அண்ணிதான் இறக்கச் சொன்னாள். தலைசுற்றல் எனக்குத் தெரியாமலே சரியாகிவிட்டது போலிருக்கிறது. மாடி வேண்டாம், அம்மாவால் ஏற முடியாது, பின்கட்டுக்குப் பக்கத்து அறையைக் காலி பண்ணுங்கள் என்றும் சொன்னாள். அது எனக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு வேன் கொண்டுவருகிறேன். ஒரே ஒரு கோரிக்கை. சம்பந்தியிடம் தோட்டம் பற்றி எதுவும் கேட்க வேண்டாம் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவை.

அண்ணன்


பொகவந்தலாவை
10.1.2025

அண்ணனுக்கு,

பக்குவமாகச் சொன்னேன். அம்மாவின் பதிலைத் திருத்தாமல் எழுதுகிறேன். திருத்துவதை விட்டுவிட்டேன்.

"வர்றேன்னு எழுது. ஆனா அவன் வந்து என்னய கேக்கணும். சம்பந்திகிட்ட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒரு தடவ கேட்டாச்சு. அவரு சொல்லல. சொல்லாதவங்ககிட்ட ரெண்டாந்தரம் கேக்குற பழக்கம் எனக்கில்ல."

நான் கேட்க நினைப்பது வேறு. சம்பந்தி மரக்கறி மொத்த வியாபாரி. நுவரெலியாவில் நல்ல மரக்கறி எதுவென்று அவரை விட அறிந்தவர் இருக்க மாட்டார். லீக்ஸின் வெள்ளைத் தண்டை லொறி லொறியாகக் கொழும்புக்கு அனுப்புகிறவர், அறுபதாம் கல்யாணத்துக்கு அதன் தழையில் செய்த கறியை ஏன் கேட்டார்? நீங்கள் வியாபாரி, யோசித்திருப்பீர்கள்.

அம்மாவின் சேலைகள் போன மாதமே மடித்துத் தயாராக இருக்கின்றன. ஞாயிறு வாருங்கள். எனக்கு அசதியாக இருக்கிறது. இதற்கு மேல் எழுதவில்லை.

ரத்னா


ஹட்டன்
12.2.2025

ரத்னாவுக்கு,

இதைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும். வெள்ளவத்தைக்கு நிரோஷனின் பஸ் போகாது. அவனுக்கு அதில் வருத்தம். சுலக்ஷனாவும் பிள்ளையும் நலமென்று ஹம்சினி சொன்னாள். மகிழ்ச்சி.

அன்று உன் வீட்டு வாசலில் நடந்ததை நீ பார்த்துக்கொண்டுதான் நின்றாய். நான் பையைப் பார்த்து "போகலாமா" என்றேன். "பை வரும். நீ என்னயப் பாத்துக் கேளு" என்றார். கேட்டேன். வேனில் ஏறினோம். அம்மா வழி முழுக்க ஒவ்வொரு தோட்டத்தின் பேரையும் சொல்லிக்கொண்டு வந்தார்.

அறுபதாம் கல்யாணம் நடந்தது. முதல் நாள் சாயங்காலம் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எங்களை வேலை வாங்கினார். குறைந்த பாதி எதுவென்று தெரிந்தது. பிரதாப் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்திருக்கிறான். நான் புளியில் சீனி போட்டுக்கொண்டிருந்தேன். மூடியதை யாரும் தொடவில்லை. விடிந்ததும் மூடியோடு நுவரெலியாவுக்கு வேனில் ஏற்றினோம்.

சம்பந்தி முதல் பந்தியில் உட்கார்ந்தார். இலைக்கறியைக் கடைசி வரைக்கும் தொடாமல் ஓரத்தில் வைத்திருந்தார். பிறகு அதை மட்டும் தனியாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, மாலையும் பட்டு வேட்டியுமாகச் சமையல்கட்டுக்கே வந்தார். அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார். இவர் குனிந்தார்.

"அம்மா, இது எப்ப செஞ்சது?"

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, இன்றைக்கு, இன்றைக்கு என்று அம்மாவுக்கு வாயசைத்தேன்.

"நேத்து" என்றார் அம்மா.

"நெனச்சேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெரட்டு வரைக்கும் தொறக்கலியே?" என்றார்.

"தொறந்தா இப்பிடி நிக்குமா?"

அவர் ஒரு தட்டை எடுத்து நீட்டினார். அம்மா கரண்டியை வாங்கித் தன் கையால் வைத்தார். அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். எந்தத் தோட்டம் என்று அம்மா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எனக்கு விளங்க வீடு வரும் வரைக்கும் ஆனது. நீ எழுதிக் கேட்டபோதே நான் யோசித்திருக்கலாம். அன்று நிச்சயதார்த்தத்தில் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன், ஏன் போனது என்று பார்க்கவில்லை.

பலகையை இறக்கினேன். "அன்றன்றே சமைத்தது" என்பதன் மேல் பெயிண்ட் அடித்தாயிற்று. திருச்சியை அடிக்குமுன் பெயிண்ட் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும். விஜேசிறி மாத்தயா தினமும் வருகிறார். அம்மா, தான் ஒரு வாரத்துக்குத்தான் வந்திருப்பதாக அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம் வீட்டில் ஒரு வாரம் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று. கடை திறக்குமுன் அம்மா பின்கட்டில் பெரட்டு வைக்கிறார். எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். பேர் கூப்பிடுவார். பிரதாப், பாத்திரம் கழுவுகிறவர்கள், பரிமாறுகிறவர்கள், எல்லோரும். முதல் நாள் என் பேரையும் கூப்பிட்டார். நான் சிரித்தேன். "நிக்கிறியா, இல்லியா?" என்றார். "நிக்கிறேம்மா" என்றேன். ஐம்பத்தெட்டு வயதில் அம்மாவிடம் நான் அதைச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக உன் பேர். தினமும் கூப்பிடுகிறார். முதல் நாள் பிரதாப், "டீச்சர் கொழும்புலல்ல இருக்காங்க" என்றான்.

"தெரியும்" என்றார் அம்மா. "ரெண்டு வருசம் நின்னவ. அவளுக்கு முழுப்பேர் போடு."

எனக்கு இன்னும் அரைப்பேர்தான்.

அண்ணன்
கோகுலராஜ்